கற்றபின் நிற்குமிடம்



மாணவப் பருவத்தில் நற்பண்புகளைப் பயில்வது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இத்தலைப்பைக் கேட்டதுமே, பொய் சொல்லாதே, களவெடுக்காதே, பெரியோரை மதி என்றொரு பட்டியல் வரப்போகிறது என்று எண்ணி வானொலிப் பெட்டியின் ஒலியைக் குறைக்க நினைக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். காலைக் கூட்டத்திலே குறளைச் சொல்லி அதன் பொருளையும் தடுமாறாமல் சொல்லுகிறவர்கள் அவர்கள். நல்லது எதுவென்று தெரியாமல் தவறுகிற பிள்ளையை என் இருபது ஆண்டுக் கற்பித்தலில் நான் அதிகம் கண்டதில்லை. தெரிந்ததைச் செய்ய வேண்டிய இடம் இதுதான் என்று அடையாளம் காணாமல் அதைக் கடந்து போய்விடுகிறவர்களே மிகுதி.

திருக்குறளின் நாற்பதாம் அதிகாரம் கல்வி. அதன் முதற்குறளிலே வள்ளுவர் இரண்டு கட்டளைகளை இடுகின்றார். குற்றமறக் கற்கச் சொல்கின்றார். கற்ற பின்னர் அதற்கேற்ப நிற்கச் சொல்கின்றார். முதற் கட்டளையை நிறைவேற்ற நம்மிடம் பாடசாலை உண்டு, பாடநூல் உண்டு, பரீட்சை உண்டு, பெறுபேறும் உண்டு. இரண்டாம் கட்டளைக்கு என்ன உண்டு? நிற்பதென்றால் ஏதாவது ஓரிடத்திலேதானே நிற்க வேண்டும்? நிவித்திகலைத் தோட்டமொன்றிலே வாழும் ஒரு மாணவன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்போம்.

விடியற்காலையில் அவன் பீலிக்கரையிலே நிற்கிறான். லயத்திலுள்ளோர் எல்லோருக்கும் அந்த ஒரு பீலிதான். பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்கள், இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறவர்கள், வயதான ஆச்சிமார் எல்லோரும் வாளியோடும் குடத்தோடும் காத்திருக்கிறார்கள். பையன் வெள்ளைச் சீருடையோடு வந்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று முன்னாலே புகுந்துவிடுகிறான். அவன் சொல்வது பொய்யன்று, உண்மையாகவே நேரமாகிவிட்டது. யாரும் அவனைத் தடுப்பதுமில்லை. படிக்கிற பிள்ளை என்று வழிவிடுகிறார்கள். படிப்பின் பெயரால் அவனுக்கு முதன்முதலிலே கிடைக்கும் சலுகை அதுதான். அதைக் கேட்டு வாங்குவது ஒன்று. உரிமை என்று எடுத்துக்கொள்வது வேறொன்று. ஒழுக்கம் என்ற சொல் ஒழுகுதல் என்பதிலிருந்து பிறந்தது என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். நீர் ஒழுகுவது போல இடையறாமல் நடப்பது என்பதே அதன் உட்பொருள். காலைக் கூட்டத்திலே தொடங்கிக் காலைக் கூட்டத்திலேயே முடிந்துவிடுவது ஒழுக்கமாகாது.

அடுத்து அவன் நிற்பது, அல்லது உட்கார்ந்திருப்பது, தவணைப் பரீட்சை மண்டபத்திலே. இங்கே நம் பிள்ளைகளுக்கு வேறெவரும் விளக்கத் தேவையில்லாத ஓர் உவமை இருக்கிறது. கொழுந்து நிறுக்குமிடத்திலே நீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக் கணக்கைக் கழித்து, போதாதென்று அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று அம்மா மனம் நொந்து பேசுவதைக் கேட்டே அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறது. நிறுவை பொய்த்தால் ஒரு வீட்டின் அடுப்பு எப்படியாகும் என்பது அதற்குத் தெரியும். அதே பிள்ளை பக்கத்திலிருப்பவனின் விடைத்தாளை எட்டிப் பார்க்கும்போது, தானும் ஒரு தராசிலே கைவைப்பதாக நினைப்பதில்லை. விடைத்தாளும் நிறுவைதானே? இதை வகுப்பிலே சொன்னால் முதலிலே சிரிப்பார்கள். பிறகு சற்று நேரம் வகுப்பு அமைதியாகிவிடும்.

பாடநூல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகிறது. ஒருவர் ஓராண்டு படித்த நூல் மறு ஆண்டிலே வேறொருவர் கைக்குப் போவதும் உண்டு. வரைபடத்தைக் கிழித்தெடுத்தவன், படத்திலுள்ள புலவருக்கு மீசை வைத்தவன், பயிற்சி வினாக்களுக்குப் பேனாவாலே விடை எழுதி வைத்தவன் ஆகிய எவனும் தான் யாருக்குத் தீங்கு செய்தான் என்பதைக் காணப்போவதில்லை. 2022 இல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைக்க நேர்ந்தது. அந்நாட்களிலே ஒரு பழைய நூலின் கிழியாத பக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதை எல்லோரும் உணர்ந்தோம். முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒரு பக்கத்தைக் கிழிக்காமல் விடுவது சிறிய செயல்தான். ஆனால் அதற்குப் பாராட்டும் இல்லை, பரிசளிப்பு விழாவும் இல்லை. ஆகவேதான் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாணாக்கரின் இயல்பைச் சொல்லும் நூல்களிலே நன்னூல் முக்கியமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலே வாழ்ந்த பவணந்தி முனிவர், யார் யாருக்குக் கற்பிக்கலாகாது என்றும் அதிலே கூறிவைத்திருக்கிறார். சோம்பேறி, செருக்குடையவன், கள்வன், சினமுடையவன் என்று செல்லும் அவ்வரிசையிலே நோயாளியும் உண்டு, ஏழையும் உண்டு, தூங்குபவனும் உண்டு. ஏழை என்ற சொல்லுக்கு அறிவிற் குறைந்தவன் என்ற பழைய பொருளும் இருப்பதால் அதனைச் சமாதானம் செய்துகொள்ளலாம். தூங்குபவன் விடயத்திலே பவணந்தியாரோடு எனக்கு உடன்பாடில்லை. நம் தோட்டப் பாடசாலைகளிலே முதற்பாட வேளையிலேயே கண்ணயரும் பிள்ளையை எழுப்புமுன், அது எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேட்க வேண்டும். அம்மா பால் வெட்டுக்குப் போய்விட, தம்பி தங்கையை எழுப்பி, முகம் கழுவி, ரொட்டி சுட்டுக் கொடுத்துப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுவிட்டு, மலைப்பாதையிலே நடந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவி அவள். நற்பண்பு பற்றி அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? பாடசாலைக்கு வருமுன்னரே அன்றைய பாடத்தை அவள் செய்து முடித்துவிட்டாள்.

ஆனால் செருக்குடையவனை அவ்வரிசையிலே வைத்தது முற்றிலும் சரி. நம்மிடத்திலே அந்தச் செருக்கு வேறொரு வேடத்திலே வருகிறது. அதற்குப் பெயர் வெட்கம்.

பாடசாலை விட்டு வரும் மாணவர் கூட்டம் ஒன்று பாதையிலே சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறது. எதிரே கொழுந்துக்கூடையோடு ஒரு தாய் வருகிறாள். இடுப்பிலே படங்கு, காலிலே அட்டை கடித்த இரத்தம். அல்லது ஒட்டுப்பால் நாற்றம் ஊறிய சட்டையோடு ஒரு தகப்பன். கூட்டத்திலே ஒரு பிள்ளை மாத்திரம் திடீரென்று மறுபக்கம் பார்க்கத் தொடங்குகிறது. தாயும் அதை அறிந்து பேசாமல் ஒதுங்கிப் போகிறாள். இக்காட்சியை நிவித்திகலையிலே மட்டுமல்ல, பதுளையிலும் அட்டனிலும் காணலாம். களவும் பொய்யும் கண்டுபிடிக்கப்படும், தண்டிக்கப்படும். இதைக் கண்டுபிடிக்க எந்த ஒழுக்கக் குழுவாலும் முடியாது. அந்தத் தாய் முறையிடப் போவதில்லை.

அவள் ஏன் படிக்கவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களின் பிற்பகுதியிலேதான். அதுவரை பெரும்பாலும் ஒரே அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு நிறைவு. முப்பது ஆண்டு பிந்திய அந்தக் கதவு வழியாகத்தான் இன்றைய பிள்ளை உள்ளே வந்திருக்கிறது. உள்ளே வந்ததும், வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்து வெட்கப்படுமாயின் அதன் கல்வியிலே எங்கோ கசடு கலந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மடக்கும்புரத் தோட்டத்திலே 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியராகவும், ஆங்கிலத்திலே எழுதும் கவிஞராகவும் உயர்ந்தவர். 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானவர். அத்தனை படிப்புக்குப் பிறகு அவர் செய்த வேலைகளுள் ஒன்று, தோட்டத்து மக்கள் வாயிலிருந்த பாட்டுகளைக் கேட்டுத் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியது. கற்றவர் ஒருவர் கல்லாதவர் முன்னே அமர்ந்து குறிப்பெடுத்தார். வள்ளுவர் சொன்ன நிற்றல் அப்படியும் இருக்கலாம்.

அவரை எண்ணியே, வகுப்பிலே சில ஆண்டுகளாக ஒரு சிறு பயிற்சி கொடுத்து வருகிறேன். தாய் தந்தையர் தொழிலிலே வழங்கும் சொற்களை அவர்களிடமே கேட்டுப் பொருளோடு எழுதிவர வேண்டும். கவ்வாத்து, கொந்தரப்பு, மடுவம், கைக்காசு, அரைப்பேர், ஒட்டுப்பால் என்று கொப்பிகள் நிறைந்து வந்தன. பாதையிலே மறுபக்கம் பார்க்கும் பழக்கமுள்ள மாணவன் ஒருவனும் நாற்பது சொற்கள் எழுதி வந்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற அம்மா சொல்லச் சொல்ல எழுதினானாம். மறுநாள் விடியற்காலை மலைக்குப் புறப்படும்போது அவனைத் தட்டியெழுப்பி, "இன்னும் ரெண்டு ஞாபகம் வந்திச்சு, எழுதிக்கிறியா?" என்று கேட்டாராம்.