ஏர்செல் சொல்லும் பாடம்

(கார்வேட்டிநகரத்தில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

1960 ஏப்ரல் வரை திருத்தணியும் நமது சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாறியது, உறவுகள் மாறவில்லை. கைபேசி வந்தபோது அந்த எல்லைக்கும் விலை வைத்தார்கள். திருத்தணி தமிழ்நாடு வட்டம். நாம் ஆந்திர வட்டம். தாய்வீடு செல்லும் மகளும் ரோமிங் கட்டணம் செலுத்த நேர்ந்தது.

உரிமம் பெற்ற வட்டம் முதலாளிகளிடையே கைமாறும் சரக்காயிற்று. ஏர்செல்லின் வரலாறு இதற்குச் சான்று. 1999-இல் சிவசங்கரனின் அந்நிறுவனம் சென்னை நீங்கலான தமிழ்நாடு வட்டத்தில் சேவையைத் தொடங்கியது. 2003-இல் ஆர்.பி.ஜி. செல்லுலாரை வாங்கிச் சென்னையிலும் நுழைந்தது. 2005-இல் தொலைத்தொடர்பில் அந்நிய முதலீட்டு வரம்பு 49 சதவீதத்திலிருந்து 74 ஆக உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே ஏர்செல்லின் 74 சதவீதப் பங்குகள் மலேசியாவின் மாக்சிஸ் வசமாயின.

இவ்விற்பனையில் அமைச்சரின் செல்வாக்கு பயன்பட்டதாக சிபிஐ தொடுத்த வழக்கிலிருந்து மாறன் சகோதரர்களைச் சிறப்பு நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் விடுவித்தது. நமது கேள்வி அத்தீர்ப்போடு முடிவதில்லை. மக்கள் சொத்தான அலைக்கற்றையின் மீது எழுந்த மதிப்பு, சட்டப்படியான விற்பனையிலும் யாருடைய பைக்குச் சென்றது?

2016-இல் ஜியோ நுழைந்து கட்டணப் போரைத் தொடங்கியது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்சுடன் இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் ஏர்செல் கைபேசிகள் ஊமையாயின. சுமார் 15,500 கோடி ரூபாய் கடனோடு நிறுவனம் திவால் மனு அளித்தது.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தைத் தமிழில் விளக்கி எழுத முற்பட்டபோது, 'கடனீந்தோர்' என்ற சொல்லில் என் பேனா நின்றது. முன்கூட்டியே ரீசார்ஜ் செய்த கூலித் தொழிலாளியும், முன்பணம் கட்டிய சிறு கடைக்காரரும் கடனீந்தோரே அல்லவா? ஆயினும் கடனீந்தோர் குழுவில் வாக்குரிமை வங்கிகள் முதலான நிதிக் கடனீந்தோருக்கே உண்டு. அவ்வங்கிகளில் இருப்பதும் நமது சேமிப்புதான்.

இதே காலத்தில் பொதுத்துறையான பிஎஸ்என்எல் என்னவாயிற்று? அதன் 4ஜி ஒப்பந்தப்புள்ளி 2020-இல் ரத்துச் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி இறுதியில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினர். தனியார் 2012-இலேயே தொடங்கிய 4ஜி, பிஎஸ்என்எல்லுக்கு நாடு தழுவிய அளவில் முறைப்படி வாய்த்தது 2025 செப்டம்பரில்தான். கால்களைக் கட்டிவிட்டு, ஓடவில்லையே என்று ஏசுவது நியாயமா?

தோழர்களே, லாபம் குறைந்தால் தனியார் கோபுரம் அணைந்துவிடும். நமது மலையடிவாரச் சிற்றூர்களில் அணையாதிருக்க வேண்டியது பொதுத்துறையின் கோபுரம். அதனைக் காக்கும் போராட்டம் பிஎஸ்என்எல் ஊழியர்களுக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது.