ஓவியர் கண்ட பனிமலை



மலைக்குச் செல்வோர் பல வகையினர். கோடையின் வெம்மைக்கு ஒதுங்கிச் செல்வோர் உண்டு. கோயிலை நாடிச் செல்வோர் உண்டு. சிகரம் ஏறச் செல்வோரும் உண்டு. முன்னொரு காலத்தில் ஓவியர் ஒருவர் நின்று கண்ட காட்சியைத் தாமும் நின்று காணவேண்டும் என்று செல்வோர் சிலரே. அத்தகைய பயணம் ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். நாம் செல்லும் ஊர் டார்ஜிலிங். காணும் மலை கஞ்சன்ஜங்கா. வழிகாட்டியாகக் கொள்பவர் எட்வர்டு லியர் என்னும் ஆங்கில ஓவியர்.

லியர் 1812-இல் பிறந்தவர். வேடிக்கைப் பாடல்களால் உலகம் அவரை நன்கறியும். ஆயினும் அவர் வாழ்நாள் தொழிலாகக் கொண்டது இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதே. அந்நாள் வைஸ்ராயாக இருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பை ஏற்று 1873 நவம்பரில் பம்பாய் வந்து இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 61. கண்பார்வை குன்றியிருந்தது; வலிப்பு நோயும் இளமை முதலே அவரை விடவில்லை. எனினும் அடுத்த ஜனவரியில் டார்ஜிலிங்கை அடைந்தார். மலைமேல் அன்று ரயில் இல்லை. இரண்டடி அகலத் தடத்தில் வளைந்து வளைந்து ஏறும் சிறு ரயில் 1881-இல்தான் டார்ஜிலிங்கை எட்டியது.

கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர் உயரமுள்ளது. உலகச் சிகரங்களுள் மூன்றாவது. டார்ஜிலிங்கிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் நிற்பது. இத்தாலியிலும் கிரேக்க நாட்டிலும் குன்றுகளை வரைந்து பழகிய கைக்கு இம்மலை எளிதில் வசப்படவில்லை. நெஞ்சுக்கு நெருங்கிய மலையாக இது தமக்குத் தோன்றவில்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அத்துணைத் தொலைவு, அத்துணைப் பெருமை. ஆனால் அவ்வளவில் விட்டுவிடவில்லை. குளிரில் நின்று பென்சிலால் வரைந்தார். எந்தப் பகுதிக்கு எந்த வண்ணம் என்பதைச் சித்திரத்தின் மேலேயே சொற்களால் குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

பின்னர், இத்தாலியில் சான் ரெமோ நகரிலிருந்த தம் இல்லத்தில், 1877 முதல் 1879 வரை இம்மலையை மூன்று பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களாக்கினார். அவற்றுள் ஒன்று நார்த்புரூக்குக்காகத் தீட்டப்பெற்றது. மற்றொன்று இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் உள்ளது. அருகே அடர்ந்த மரங்களும் பெரணிச் செடிகளும், அவற்றிடையே சின்னஞ்சிறு மனித உருவங்கள். அப்பால் புகைபடிந்தாற்போன்ற பெரும் பள்ளத்தாக்கு. அதற்கும் மேலே, தரையோடு தொடர்பே அற்றதுபோல, வெண்பனி முடி. மலையின் உயரத்தை உணர்த்த அவர் முடியைப் பெரிதாக்கவில்லை, பள்ளத்தை ஆழமாக்கினார்.

இதை அறிந்து சென்றால் நம் பார்வையும் மாறும். இன்று பயணிகளிற் பலர் விடியுமுன் ஜீப்பில் டைகர் ஹில் ஏறி, சிகரம் பொன்னிறம் பெறும் சில நிமிடங்களைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். அது அழகிய காட்சியே. ஆனால் லியர் கண்ட மலை அந்தப் பொன்முடி மட்டும் அன்று. அதைக் காண அப்சர்வேட்டரி குன்றைச் சுற்றிச் செல்லும் பாதையில் மெல்ல நடந்து, ஓரிடத்தில் அமர்ந்து, கீழே பள்ளத்தில் நிழல் நகர்வதைப் பார்க்கவேண்டும். வானம் தெளிந்திருக்கும் அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் மலை பல நாள் முகமே காட்டாது. மூன்று நாளேனும் தங்குவது நலம்.

லியர் கண்டவை அனைத்தும் இன்று இல்லை. காடடர்ந்த சரிவுகள் பலவற்றில் மாடிவீடுகள் எழுந்துள்ளன. இமயத்தின் பனியாறுகள் சுருங்கி வருவதை ஆராய்ச்சியாளர் அளந்து சொல்கின்றனர். மாறாதது ஒன்று உண்டு. சிக்கிம் மக்களுக்கு இம்மலை தெய்வம். 1955 மே 25 அன்று முதன்முதல் மேலே சென்ற ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரௌனும் அந்நம்பிக்கையை மதித்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டனர். பார்வையாளராகச் செல்லும் நாமும் பிறர் வழிபடும் இடத்தில் நிற்கிறோம் என்பதை மறத்தலாகாது.

அதே 1874-இல் லியர் தெற்கேயும் வந்தார். காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் குன்னூர் மலைச்சாரலையும் வரைந்தார். அவருக்கு வடக்கும் தெற்கும் ஒருங்கே அயல்நாடு. ஆயினும் பொறுமையாகப் பார்த்ததனால் இரண்டையும் அறிந்துகொண்டார். பிழைப்பின் பொருட்டுக் கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் தில்லியிலும் வாழும் நாம், விடுமுறை வந்தால் ஊருக்கு ரயிலேறுகிறோம், அது இயல்பே. ஆனால் ஆண்டுக்கணக்கில் நமக்குச் சோறிடும் மண்ணின் மலையையும் ஆற்றையும் ஒருமுறையேனும் அமர்ந்து பார்த்தோமா? நம் குழந்தைகள் பிறந்து வளரும் ஊர் அது. அவர்கள் நினைவில் நிற்கப்போவதும் அம்மலையே. அடுத்த விடுமுறையில் சில நாள்களை அதற்கென ஒதுக்குவோம். குழந்தைகளின் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அழைத்துச் செல்வோம். வரைவது நன்றாக அமையாவிட்டாலும் குறையில்லை. வரைய முனைந்த கண் பார்க்கக் கற்றுக்கொள்ளும்.