நான்கு துறைகள், ஒரே கேள்வி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவிகள் நால்வர் சார்பாக வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர். எழுதியவர்கள் நால்வர். ஒரே ஆண்டில் இந்தக் கல்லூரியிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிப் பேராதனைக்குப் போனவர்கள் நாங்கள். ஒருவர் விவசாயபீடத்துக்குப் போனார். ஒருவர் சுற்றாடல் விஞ்ஞானத்தையும் ஒருவர் கலவியலையும் எடுத்தார்கள். நான்காமவர் உளநலத் துறைக்குப் போனார். அதன்பின் ஒருவர் செய்வது மற்றவருக்கு விளங்காத அளவுக்கு நாங்கள் விலகிப்போனோம் என்பதே உண்மை.

"கண்டியிலிருந்து நான்கு மைலில் இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நீங்கள் எல்லாரும் என்னதான் ஆராய்கிறீர்கள்? அதனால் யாருக்கு என்ன?" என்று சங்கக் கூட்டங்களில் தேநீர் குடிக்கும் வேளையில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் நான்கு துறைகளும் சேர்ந்து சொல்லக்கூடிய ஒரு பதில் இருக்கிறது. அது மகிழ்ச்சியான விடயத்தில் தொடங்குவதில்லை. ஆனாலும் இந்த நாளில் சொல்லத்தக்கது என்றே நினைக்கிறோம்.

எங்கள் வகுப்பில், ஜன்னலோரம் இரண்டாவது வரிசையில், ஒரு மேசை இருந்தது. 1993ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை அது வெறுமையாக இருந்தது. அதற்குரியவள் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் ஏதோ வாக்குவாதத்தின் பின், மரக்கறித் தோட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். இரண்டு நாட்களில் இறந்துபோனாள். அன்று காலைக் கூட்டத்தில் பிரார்த்தனை செய்தோம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசக்கூடாத விடயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை, நாங்களாகவே தெரிந்துகொண்டோம். அவளுடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் வகுப்பினருக்குத் தெரியும்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு மேசை நினைவில் இருக்கும். ஏனென்றால் அந்தக் காலத்தில் இலங்கையில் தற்கொலையால் இறந்தவர்களின் வீதம் உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. 1950க்கும் 1995க்கும் இடையில் அது எட்டு மடங்காக உயர்ந்தது. 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர். நாம் அதற்குப் பல காரணங்கள் சொன்னோம். யுத்தம் என்றோம், குடி என்றோம், வறுமை என்றோம், காதல் என்றோம். சிலர் கோழைத்தனம் என்றும் சொன்னார்கள்.

1995க்குப் பிறகு அந்த வீதம் இறங்கத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. யுத்தம் அப்போது முடிந்திருக்கவில்லை. குடி குறையவில்லை. வறுமையும் தீரவில்லை. அப்படியானால் எது மாறியது? இந்தக் கேள்விக்குத்தான் நான்கு துறைகளும் தேவைப்பட்டன.

முதலில் கலவியலைச் சொல்கிறோம். நம் தோட்டங்களில் பூச்சிக்கு அடிப்பதையும் 'மருந்து' என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதையும் 'மருந்து' என்கிறோம். பழைய பூச்சிநாசினிகளில் பல, நரம்புக் கலங்களில் உள்ள ஒரு நொதியத்தை முடக்குபவை. ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்கு இரசாயனச் செய்தி ஒன்றை அனுப்பும். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துவிடுவது அந்த நொதியத்தின் வேலை. அது முடங்கினால் செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், தசைகள் களைத்துப்போகும், மூச்சு நிற்கும். வண்டுக்கும் மனிதருக்கும் இந்த நொதியம் ஏறத்தாழ ஒன்றுதான். பூச்சியை மட்டும் தெரிந்து கொல்லும் அறிவு அந்தப் போத்தலுக்குக் கிடையாது.

அப்படியானால் அந்த நொதியத்தை மீண்டும் இயங்கவைக்கும் முறிவு மருந்தைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் 235 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து, 2009இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் நொதியம் மீண்டது தெரிந்தது. ஆனால் உயிர் பிழைத்தவர்களின் தொகை கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் சரியாக வருவது கட்டிலருகில் சரியாக வராமல் போகலாம். எங்களுள் கலவியல் படித்தவருக்கு இது மனவருத்தமான பாடம்; அவசியமான பாடமும்கூட. வைத்தியசாலைக்கு வந்த பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம் என்றால், அதற்கு முன்னரே ஏதாவது செய்தாக வேண்டும்.

இங்கே உளநலத் துறை ஒரு கேள்வியைக் கேட்டது. பிழைத்தவர்களிடம் போய், "எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்?" என்று கேட்டார்கள். கிராமப்புற வைத்தியசாலைகளில் பேசப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன விடை, அரை மணித்தியாலத்துக்கும் குறைவு என்பது. கைக்கு எது கிடைத்ததோ அதையே எடுத்திருந்தார்கள். எது எவ்வளவு கொடியது என்று அவர்கள் ஆராய்ந்து தெரியவில்லை. நாம் ஊரில் நினைத்ததுபோல, சாவதென்று நாட்கணக்கில் தீர்மானித்துச் செத்தவர்கள் அல்லர் அவர்களில் பலர். கோபமும் அவமானமும் மேலோங்கிய ஒரு வேளை அது. அந்த வேளையைக் கடந்துவிட்டால் வாழ விரும்பியவர்கள்.

அந்த அரை மணித்தியாலத்தில் கைக்கு எட்டிய போத்தலில் என்ன இருந்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது. இலங்கை வைத்தியசாலைகளுக்கு வந்த 9,302 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. சில பீடைகொல்லிகளைக் குடித்தவர்களில் எவருமே இறக்கவில்லை. வேறொன்றில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே வகையைச் சேர்ந்த மருந்துகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு இருந்தது. 2004 முதல் பேராதனை மருத்துவபீடத்தைத் தளமாகக் கொண்டு இயங்கிவரும் தென்னாசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பின் பல ஆண்டு உழைப்பில் உருவானது இந்த அறிவு. அதற்காக இரவில் கட்டிலருகே நின்று குறிப்பெடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு இளம் வைத்தியர்கள்.

இனி விவசாயம். கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் வழியில் கெட்டம்பேயைக் கடக்கிறோம். அங்கேதான் பீடைகொல்லிகள் பதிவாளரின் அலுவலகம் இருக்கிறது. நாங்கள் எத்தனையோ வருடம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயும் அது என்ன இடம் என்று அறிந்ததில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி, எந்தப் பயிர் மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பது அங்கேதான் முடிவாகிறது. 1984இல் பரதையோன் தடைசெய்யப்பட்டது. 1995இல் மிகக் கொடியவை என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய முதலாம் வகுப்பு மருந்துகளில் எஞ்சியிருந்தவை நிறுத்தப்பட்டன. 1998இல் என்டோசல்பான் போனது. 2008 முதல் 2011 வரை பரகுவாட் உட்பட மூன்று மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன.

"மருந்தைத் தடுத்தால் பயிர் என்னாவது?" என்று விவசாயி கேட்பார். கேட்க வேண்டும். அப்போதைய பதிவாளர் காமினி மனுவீரவும் அவருடன் சேர்ந்தவர்களும் அதையே ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தடைகளுக்குப் பின் விளைச்சல் விழுந்ததற்கான அறிகுறி இல்லை. ஒவ்வொன்றையும் நிறுத்துமுன் அதனிடத்தில் ஆபத்துக் குறைந்த வேறொன்று இருக்கிறதா என்று பார்த்தே நிறுத்தியிருந்தார்கள்.

இதற்கு மாறான ஒன்றையும் நாம் கண்ணால் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதியிலிருந்து ஒரேயடியாக நிறுத்தப்பட்டன. பேராதனை விவசாயபீடத்தினர் உட்படப் பல அறிஞர்கள் எச்சரித்தார்கள். நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. கெட்டம்பேயில் நடந்ததும் தடைதான், இதுவும் தடைதான். முன்னது ஒவ்வொரு மருந்தாக, சான்றோடு, மாற்றோடு, ஆண்டுக்கணக்கில் நடந்தது. பின்னது ஒரே இரவில் நடந்தது. ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இந்த வேறுபாட்டைத்தான் காட்டுவோம்.

சுற்றாடல் துறைக்கும் இதில் பங்கு உண்டு. நுவரெலியாச் சரிவுகளில் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிப்பது அந்த மண்ணிலேயே நின்றுவிடுவதில்லை. மழையோடு ஓடைக்கு வந்து, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களை நோக்கி மகாவலியோடு இறங்குகிறது. மனிதரைக் கொல்லும் மருந்துகளில் பல மீனையும் தேனீயையும் கொல்பவை. என்டோசல்பானை இலங்கை தடுத்தது 1998இல். நெடுங்காலம் அழியாத நச்சுக்களுக்கான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலகம் அதைச் சேர்த்துக்கொண்டது 2011இல். உயிர்காக்க எடுத்த முடிவு ஆற்றையும் காத்தது.

கூட்டிப் பார்த்தால் என்ன கிடைத்தது? 1986 முதல் 1995 வரையான பத்தாண்டோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரை 19,769 தற்கொலைகள் குறைவு. டேவிட் கனலும் அவரோடு இணைந்து ஆய்வு செய்தவர்களும் 2007இல் வெளியிட்ட கணக்கு இது. வேலையின்மை, குடி, விவாகரத்து, யுத்த ஆண்டுகள் எல்லாவற்றையும் அவர்கள் பொருத்திப் பார்த்தார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. தடைகளின் ஆண்டுகளே ஒத்துவந்தன. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது பின்னர் செய்யப்பட்ட மதிப்பீடு. அந்தத் தொகையைக் கேட்கும்போது எங்கள் மனம் ஒரே ஒரு மேசைக்குத்தான் போகிறது. 1993க்கும் 1995க்கும் இரண்டே வருடம்.

எல்லாம் வெற்றி என்று சொல்லி முடித்தால் அது பொய்யாகிவிடும். மருந்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தால் பலன் வருமா என்று வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. இன்னொன்று இதைவிட முக்கியமானது. இறப்புகள் குறைந்தன, ஆனால் தம்மைத் தாமே வருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வருபவர்கள் குறையவில்லை. பலர் வீட்டிலுள்ள மாத்திரைகளின் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம். நம் கல்லூரிச் சீருடையின் வயதுக்காரிகள். சட்டம் போத்தலை எடுத்துவிட்டது. துயரத்தை எடுக்க அதனால் முடியாது. அது வேறு வேலை, நம்முடைய வேலை.

தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்த நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து அது நீங்கிவிட்டது. நம் வாயிலிருந்து இன்னும் நீங்கவில்லை. லயத்திலும் சரி, பங்களாவிலும் சரி, கனடாவில் உள்ள வீட்டிலும் சரி, "வெளியில் சொல்லாதே" என்பதே நம் முதல் வார்த்தை. 1993இல் எங்களுக்கும் அதுவே தெரிந்திருந்தது.

ஆகவே சங்கத்திடம் ஒன்றைக் கேட்கிறோம். நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்குக் கூரை போடுவது நல்லது. அதோடு, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வாரத்தில் சில நாட்களேனும் வந்து அமர ஓர் அறை வேண்டும். கதவில் பெயர்ப்பலகை வேண்டாம்; போகிற பிள்ளையை யாரும் எண்ணக்கூடாது. பெற்றோர் கூட்டத்தில் உயர்தரப் புள்ளிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றியும் பேச வேண்டும். யாராவது ஒரு பிள்ளை சோர்ந்திருந்தால், "சாக வேண்டும்போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டதால் பிழைத்தவர்கள் உண்டு. தேசிய உளநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ இன்றும் செவிமடுக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் இலக்கத்தைத் தொலைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.

தங்கைமாரிடமும் ஒரு வார்த்தை. எந்தப் பாடத்தை எடுப்பது என்று கேட்டு எங்களிடம் வருகிறீர்கள். எதையும் எடுங்கள். ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வரும் அதைச் செய்ய இருபது வருடம் எடுத்தோம். ஒன்றாக உட்கார்ந்து இந்த உரையை எழுதிய அன்றுதான், நாங்கள் நால்வரும் நான்கு பக்கத்திலிருந்து அவளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது.