ரிசல்ட் வரும் வரைக்கும் ஒரு வேலை



பிளஸ் டூ தேர்வு முடிந்து பிள்ளை வீட்டுக்குள் நுழைந்த நாலாம் நாளே பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கே, எங்கேயாவது வேலைக்குப் போயேன்." பிள்ளைக்கும் ஆசைதான். சொந்தக் காசில் ஒரு செல்போன் வாங்கலாமே! அந்த ஒன்றரை மாத வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உழைத்தவர் கூலி வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யார் பக்கத்தில் நிற்கப் போகிறோம் என்று பாருங்கள். அந்த வயதில் கண் பார்த்ததைக் கை செய்யும்.

உதாரணத்துக்கு, கோடையில் காயில் கட்டும் கடைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒருவர் சீலிங் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "மெதுவாச் சுத்துது, காயில் போயிடுச்சு போல" என்கிறார். கடைக்காரர் ஃபேனைக் கையால் சுற்றிவிட்டுப் பார்க்கிறார். இறுக்கம் இல்லை. உடனே கண்டன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுகிறார். வீட்டு ஃபேன்களில் பெரும்பாலும் இரண்டரை எம்.எஃப்.டி. அளவுள்ள சின்ன டப்பி அது. நாளாக ஆக அதன் திறன் குறையும், காற்றும் குறையும். புதியதை மாட்டியதும் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது.

கண்டன்சருக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். காயில் கட்டினால் அதைப்போலப் பல மடங்கு. கொண்டுவந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கண்டன்சரை மாற்றி, நியாயமான கூலி வாங்கிக்கொண்டு அனுப்புகிற கடையும் உண்டு. "சாயங்காலம் வாங்க, காயில் கட்டி வைக்கிறேன்" என்று சொல்லி, அதே கண்டன்சரை மாற்றிவிட்டுக் காயிலுக்கான காசை வாங்குகிற கடையும் உண்டு. இரண்டு கடையிலும் பையன் தொழில் கற்றுக்கொள்வான். இரண்டாவது கடையில், ஆளைப் பார்த்து விலை சொல்லவும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். அங்கே சம்பளம் கூடுதலாகவே இருக்கலாம். இருந்தாலும் வேண்டாம்.

மே மாதத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளி திறக்கப் போகிறது என்றதும் தையல் கடைகளில் சீருடைத் துணி மலையாகக் குவியும். காஜா எடுக்க, பட்டன் கட்ட, ஹெம்மிங் செய்ய ஆள் தேடுவார்கள். நோட்டுப் புத்தகக் கடைகளிலும் அப்படித்தான். கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது என்று லாரியில் கட்டுக்கட்டாக இறங்கும். பில்லில் 12 கட்டு இருக்கிறது, இறங்கியது 11 என்றால், அந்த ஒன்று எங்கே என்று கேட்கத் தெரிய வேண்டும். வணிகவியல் படித்த ஒரு பெண்ணுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எது? மாறாக, பெரிய கடை வாசலில் நாள் முழுக்க நின்று வணக்கம் சொல்லும் வேலையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கால் வலிதான் மிச்சம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையிலோ பட்டறையிலோ வேலைக்கு வைப்பது குற்றம். 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் சேர்க்கக் கூடாது. பட்டாசு ஆலைக்கு லீவில் போய்வரட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற வேலைகளிலும் நேரக் கணக்கு உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரம். இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை வேலை இல்லை. வாரம் ஒரு நாள் விடுமுறை. நம் கடைத்தெரு வியாபாரம் சூடுபிடிப்பதே 7 மணிக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சேரும்போதே, "ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்று பேசிவிடுங்கள் என்கிறேன்.

சம்பளத்தையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். "நம்ம பையன்தானே, பார்த்துப் போட்டுத் தர்றேன்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்வார். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று கூச்சப்படாதீர்கள். நாளுக்கு எவ்வளவு, வாரக் கூலியா மாதச் சம்பளமா என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எதையும் அசலாகக் கொடுத்துவிடாதீர்கள். கல்லூரி அட்மிஷனுக்கு அலையும்போது முதலாளியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும்.

இரண்டு இடங்களிலிருந்து கட்டாயம் ஒதுங்கியே இருங்கள். ஒன்று, வீடு தேடி வரும் தரகர். விடுதி, சாப்பாடு எல்லாம் தருகிறோம், மில்லில் சில வருஷம் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்பார். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எத்தனை பெண்களின் படிப்பு நூற்பாலை விடுதிகளில் நின்றுபோனது என்பதைக் கொங்கு நாட்டுக்காரர்களையும் திண்டுக்கல்காரர்களையும் கேட்டால் சொல்வார்கள். மற்றொன்று, செல்போனில் வரும் வேலை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி, அடுத்து முன்பணம் கட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாளுக்குக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால், யாரோ ஏமாந்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் அந்தக் கடைக்கு நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆட்களிடம் முதலாளி எப்படிப் பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்றும் பாருங்கள், பெண்பிள்ளை என்றால் இது முக்கியம். சிறுவர்களை அடைத்துவைத்தோ அடித்தோ வேலை வாங்குவது எங்கே கண்ணில் பட்டாலும் 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.