கருவை முதலில் காண்பவர்

பிள்ளை வரம் வேண்டி கொட்டாஞ்சேனையில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கும், வெள்ளவத்தையில் மயூரபதி அம்மனுக்கும் நேர்த்தி வைப்பவர்கள் கருத்தரிப்பு கிளினிக்குக்கும் போகிறார்கள். அங்கே வைத்தியரைத் தெரியும், தாதியைத் தெரியும். ஆய்வுகூடத்தில் கருவைப் பார்த்துக்கொள்ளும் கருவியலாளரை அநேகர் காண்பதேயில்லை.

முட்டையின் அளவு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குதான். விந்தோடு சேர்த்து 16 முதல் 18 மணித்தியாலத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், உள்ளே இரண்டு சிறு வட்டங்கள் அருகருகே தெரியும். ஒன்று தாயினுடையது, மற்றது தகப்பனுடையது. அதைப் பார்க்கத்தான் கருவியலாளர் விடியவே வந்துவிடுகிறார். சென்ட் பூசமாட்டார், அந்த ஆவி கருவுக்குக் கூடாதென்று.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25இல் பிறந்தார். அந்தக் கரு பிரிவதை முதலில் கண்டவர் ஜீன் பேர்டி என்ற பெண் கருவியலாளர். லூயிஸ் பிறந்த ஓல்டம் நகரில் இந்தச் சாதனைக்கு நினைவுப் பலகை வைத்தபோது, உடன் உழைத்த விஞ்ஞானி எட்வர்ட்ஸ் கேட்டும் பேர்டியின் பெயரைப் போடவில்லை. பெரிய அநியாயம் அது. 1985இல், 39 வயதில் பேர்டி காலமானார்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் கருவியலாளரோடும் கதைக்கக் கேளுங்கள். எத்தனை முட்டை கருக்கட்டியது, எத்தனை ஐந்தாம் நாள்வரை வளர்ந்தது என்பதை அவர் விளக்கமாகச் சொல்வார்.