பழைய கன்சில்: விலையும் செலவும்

1994-இல் மலேசியச் சாலைக்கு வந்த பெரோடுவா கன்சில், தன் 660 சிசி எஞ்சினோடு எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் காராக அமைந்தது. அதன் உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் கன்சில் எதுவானாலும் பதினைந்து வயதைத் தாண்டியதுதான்.

விலை மலிவு என்று சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்குபவர், அடுத்த மாதமே பட்டறையில் கடன் சொல்லி நிற்பதுண்டு. பல நேரங்களில் காரணம் எஞ்சின் சூடு. கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருந்தால், ரேடியேட்டர் உள்ளே துருவேறி அடைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் கசியும். அதை மாற்ற ஆகும் செலவு அற்பம். கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து கேஸ்கட்டும் போய்விடும். பிறகு எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, ஹெட்டைச் சமமாக இழைத்துப் பூட்ட வேண்டும். உதிரிப் பாகத்தைவிட அதற்குக் கூலிதான் அதிகம்.

ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் காரைப் பார்ப்பதே நல்லது. எண்ணெய் மூடியின் அடியில் பால்போல் வெளுத்த பசை தென்பட்டால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். பட்டறைக்காரர் பார்க்கும் முன் முன்பணம் கொடுக்கக் கூடாது. பளபளவெனக் கழுவிய எஞ்சினைக் கண்டும் மயங்க வேண்டாம். கசிவின் தடயமும் சேர்ந்தே கழுவப்பட்டிருக்கும்!

டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். (2005-இல் வந்த மைவியில் பெல்டுக்குப் பதில் சங்கிலி, இந்தத் தொல்லை இல்லை.) பெயர் மாற்றச் சோதனையில் கார் தேறிவிட்டது என்பதும் இதற்கு விடையாகாது, அங்கே யாரும் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதில்லை.