நரம்புச் சிலந்தியும் அடிபம்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சிறிது சுருக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "இருபது நிமிஷம் பேசுப்பா, உன் துறையைப் பத்தி எதையாவது சொல்லு" என்றார். நான் மெக்கானிக்கல். பதின்மூன்று வருஷமாகக் குடிநீர்த் திட்டங்களில் வேலை. பம்பு, வால்வு, குழாய், மறுபடி பம்பு. இதைப் பேசினால் முன் வரிசையும் எழுந்து போய்விடும். அதனால் ஒரு புழுவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், கடைசியில் பம்புக்குத்தான் வருவேன்.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய். இங்கே அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாலைந்து பேர் தலையாட்டுகிறீர்கள். மற்றவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. சிலந்தி என்றதும் எட்டுக்கால் பூச்சியை நினைக்க வேண்டாம். கட்டி, கொப்புளம் என்றும் அந்தச் சொல்லுக்குப் பழைய தமிழில் பொருள் உண்டு. காலில் ஒரு கொப்புளம் வரும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளையாக நரம்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். அது நரம்பு இல்லை, உயிருள்ள புழு. சேமியா கனம்தான், நீளம் ஒரு மீட்டர் வரைக்கும் இருக்கும். எகிப்திய மம்மி ஒன்றின் உடம்புக்குள் இந்தப் புழு சுண்ணாம்பாக இறுகிக் கிடந்ததைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய சொந்தக்காரர்.

இதன் வாழ்க்கைச் சுழற்சியை ஒரு இன்ஜினீயர் படித்தால் கையெடுத்துக் கும்பிடுவான். பெண் புழுவுக்குத் தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அது இருப்பதோ மனிதனின் தோலுக்கடியில். என்ன செய்கிறது? காலுக்கு இறங்கி வந்து, தோலில் நெருப்பு வைத்த மாதிரி எரிச்சலைக் கிளப்பிக் கொப்புளத்தை உண்டாக்குகிறது. எரிச்சல் தாங்காமல் மனிதனே போய்க் காலைத் தண்ணீரில் வைக்கிறான். தண்ணீர் பட்ட மாத்திரத்தில் புழு லட்சக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடுகிறது. அந்தக் குஞ்சுகள் தனியாகச் சில நாள்தான் தாங்கும். அதற்குள் சைக்ளாப்ஸ் என்கிற நீர்த்தெள்ளு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புள்ளி போல நீந்துமே, அது விழுங்கியாக வேண்டும். அதன் வயிற்றில் இரண்டு வாரம் போல வளர்ந்தால் அடுத்த ஆளுக்குத் தயார். யாராவது அந்தத் தண்ணீரை மொண்டு குடிக்கிறார்கள். வயிற்றில் உள்ள அமிலத்தில் தெள்ளு செத்துப் போகும், குஞ்சு சாகாது. குடல் சுவரைத் துளைத்து உள்ளே போய், அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து, ஆண் அதோடு முடிந்து, பெண் மட்டும் மெல்ல மெல்லக் காலை நோக்கி இறங்குகிறது. குடித்த நாளிலிருந்து கொப்புளம் வர ஏறக்குறைய ஒரு வருஷம். போன வருஷம் குடித்த தண்ணீருக்கு இந்த வருஷம் கால் வலிக்கிறது. எவனுக்கு சந்தேகம் வரும் தண்ணீர் மேல்? இதில் நீர்த்தெள்ளின் பங்கை 1870-வாக்கில் பெத்சென்கோ என்ற ருஷ்ய விஞ்ஞானிதான் கண்டு சொன்னார்.

இதற்குத் தடுப்பூசி இன்றைக்கும் கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. ஒரு முறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தியும் வருவதில்லை, அடுத்த வருஷமும் வரலாம். வைத்தியம் என்றால் ஒன்றுதான். வெளியே வந்த நுனியை ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று இழுப்பது. வாரக் கணக்கில், சில பேருக்கு மாதக் கணக்கில். அவசரப்படக் கூடாது. இழுத்து அறுந்துவிட்டால் உள்ளே இருக்கும் பாதி சுருண்டு, குஞ்சுகள் சதைக்குள் கொட்டி, சீழ் பிடித்து, மூட்டுப் பக்கம் என்றால் மூட்டே முடங்கிப் போகும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இப்போது மாணவர்களுக்கு ஒரு கேள்வி. மருந்து இல்லை, ஊசி இல்லை. இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பீர்கள்? சங்கிலி முழுக்க ஒரே ஒரு கண்ணியில்தான் தொங்குகிறது. நோயாளியின் காலும், குடிக்கிற தண்ணீரும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். அது எங்கே நடக்கும்? படிக்கிணற்றில். படியில் இறங்கி, முழங்கால் ஆழம் நின்று, குடத்தை அமுக்கி மொள்ளும் கிணற்றில். அதையே கைப்பிடிச் சுவர் கட்டி, படியை அடைத்து, ராட்டினம் போட்டு இறைக்கிற கிணறாக்கிவிட்டால் கால் உள்ளே போகாது. காலே போகாவிட்டால் குஞ்சு ஏது? மருத்துவர்கள் திணறிய நோயைக் கொத்தனார் தீர்த்து வைக்கலாம். பழைய மைசூர் ராஜ்யத்தில் சித்ரதுர்கா பக்கம் மூர்த்தி என்கிற ஆராய்ச்சியாளர் 1930-களில் வேறு வழியில் போனார். படிக்கிணறுகளில் மீனை விட்டார். மீன் தெள்ளைத் தின்றுவிடும். அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் மீனை நம் ஆட்கள் விட்டு வைக்க வேண்டுமே!

இந்தியாவில் இதற்கென்று தேசிய ஒழிப்புத் திட்டம் 1983-84-ல் தொடங்கியது. அப்போது ஏழு மாநிலங்களில், தமிழ்நாடும் சேர்த்து, வருஷத்துக்குச் சுமார் 40,000 பேருக்கு இந்த நோய். வீடு வீடாகப் போய் நோயாளியைத் தேடினார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டுத் தண்ணீரில் இறங்காதே என்றார்கள். கிணறுகளில் டெமிபாஸ் மருந்து ஊற்றினார்கள். துணியால் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள், தெள்ளு துணியைத் தாண்டாது. படிக்கிணறுகளை மாற்றிக் கட்டினார்கள். ஆழ்துளைக் கிணறு போட்டு அடிபம்பு வைத்தார்கள். நம் மாநிலம் முதலிலேயே தப்பித்துக் கொண்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

சொன்னபடி பம்புக்கு வந்துவிட்டேன். முதலில் வந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டுக்காரர் உபயோகிக்கச் செய்தவை. அதில் ஒரு ஊரே விடிய விடிய அடித்தால் என்ன ஆகும்? கைப்பிடி ஆணி தேயும், தடி கோணும், பம்பு படுத்துவிடும். மக்கள் பழைய கிணற்றுக்கே போய்விடுவார்கள். 1970-களில் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெப் உதவியோடு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில் உருவானது இந்தியா மார்க் இரண்டு. உங்கள் ஊர்த் தெருமுனையில் நிற்கிறதே, அதுதான். கைப்பிடியின் தலைப்பில் கால்வட்டமாக ஒரு துண்டு, அதன் மேல் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி. கைப்பிடி எப்படிச் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் தடி நேராகத்தான் ஏறி இறங்கும். கீழே பால் பேரிங். இவ்வளவுதான் ரகசியம். பிறகு 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பல வருஷம் பரிசோதனை நடத்தி, தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர், குழாயை முழுக்கத் தூக்காமலே பிஸ்டனை வெளியே எடுக்கும் மார்க் மூன்று என்று வளர்ந்தது. கிரேன் வேண்டாம், ஊர்க்காரர்களே கழற்றி மாட்டலாம். ராஜஸ்தானின் துங்கர்பூர், பான்ஸ்வாரா மாவட்டங்களில் பெண்களே மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றார்கள்.

அந்த துங்கர்பூர்ப் பக்கம் 2021-ல் எனக்கு வேலை. வீட்டுக்கு வீடு குழாய் போடும் திட்டம். ஒரு சின்ன ஊரில் எங்கள் குழாய் போகிற வழியில் ஒரு பழைய அடிபம்பு நின்றது. சுற்றிப் போனால் கூடுதலாக நாற்பது மீட்டர். "இனிமேல்தான் வீட்டிலேயே தண்ணி வரப்போகுதே, இது எதுக்கு?" என்று எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான். வேறு யாரும் இல்லை. குழாய் போட்டோம், தண்ணீர் வந்தது, ரிப்பன் வெட்டினார்கள். மே மாதம் மெயின் பம்பின் மோட்டார் எரிந்தது. மாற்று வருவதற்குப் பதினோரு நாள். எட்டாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வரிசையாக ஊருக்கு வெளியே இருந்த பழைய படிக்கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே அதற்கு பாவ்டி என்று பெயர்.

ஒரு பாட்டி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் முக்காட்டுத் துணியை இரண்டாக மடித்துச் செம்பின் மேல் போட்டு ஊற்றினார். எங்கள் சூப்பர்வைசர் மொழிபெயர்த்தார். "ஏம்மா வடிகட்டுறீங்க?" பாட்டி பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். நாலு தழும்பு. "நாரு" என்றார். அங்கே இந்தப் புழுவுக்கு அதுதான் பேர். ஆபீஸ்காரர்கள் வடிகட்டச் சொன்னார்களாம், அன்றையிலிருந்து நிறுத்தவில்லை. பிறகு அவர் கேட்டதை சூப்பர்வைசர் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்திய பிறகு சொன்னார்: "அந்த பம்பு உங்களை என்ன பண்ணுச்சு தம்பி?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புழு திரும்பி வராது, அது போய்விட்டது, எனக்குத் தெரியும். ஆனால் காலராவும் டைபாய்டும் துணிக்கெல்லாம் நிற்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். எப்போதும் பாதிப் பேச்சில் "சரி, சாப்பிட்டியா" என்று வைத்துவிடுகிறவர், வெகு நேரம் பேசாமல் இருந்தார். என் தாத்தாவுக்கு இடது கால் மடங்காது. முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்துத்தான் நடப்பார். எங்களிடம் எல்லாம், "மாடு முட்டிருச்சுடா" என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னார்: "மாடெல்லாம் ஒண்ணும் முட்டலப்பா. நரம்புச் சிலந்தி. அப்பத்தா தீக்குச்சில சுத்தி வெச்சிருந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு. உழவு நேரம், அய்யா படுத்துக் கெடக்காரேன்னு, தூங்கும்போது நானா புடிச்சு இழுத்தேன். அறுந்து போச்சு."

தாத்தா அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூட மகன் பெயரைச் சொல்லவில்லை, மாட்டின் மேல் போட்டுவிட்டார். அப்பாவும் அறுபது வயதைத் தாண்டும் வரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கூட அந்தப் பாட்டியின் தழும்பைப் பற்றி நான் பேசாமலிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். இன்று இங்கே சொல்வதற்கு அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். "பேர் போடாம சொல்லிக்கோ" என்றார்.

மறு வாரமே அந்த பம்பைத் திரும்ப வைத்தோம். என் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை, பில்லில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். "சோதனைக் குழாய்" என்று எழுதினோம். ஆடிட் ஆட்கள் இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

உலக அளவில் கணக்கு இன்னும் முடியவில்லை. 1986-ல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வருஷத்துக்கு 35 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். 2023-ல் உலகம் முழுவதும் சேர்த்து 14 பேர். கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் 2012-ல் சாட் நாட்டில் நாய்களுக்கு இதே புழு இருப்பது தெரிய வந்தது. பிறகு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான நாய்கள். நாய் குளத்தில் இறங்கினால் எந்தக் கைப்பிடிச் சுவர் தடுக்கும்? இப்போது அங்கே நாயைக் கட்டிப் போடுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், மீன் குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள். மனிதர்களுக்கு வரும் நோய்களில் அடியோடு ஒழிந்தது இதுவரை பெரியம்மை ஒன்றுதான். இரண்டாவது இடத்துக்கு இந்தப் புழு வாசலில் நிற்கிறது. வாசலைத் தாண்ட விடாமல் நாய் நிற்கிறது.

ஜூனியர்களில் யாருக்காவது புராஜெக்ட்டுக்குத் தலைப்பு வேண்டுமென்றால், உங்கள் ஊரில் எத்தனை அடிபம்பு இருக்கிறது, அதில் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓடாததைக் கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் வாஷர்தான் போயிருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். புது வாஷர் ஒன்றும், தேய்ந்தது ஒன்றும் கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஓரத்து மேஜையில் இருக்கிறது, பக்கத்திலேயே பாட்டி கொடுத்தனுப்பிய வடிகட்டித் துணியும். துணியை மட்டும் மறக்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். மெஸ்ஸில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் அண்ணன் கையைக் காட்டுகிறார்.